பக்கத்து மனைப் பட்டறையை மறைக்க: வடகரையிலிருந்து சில குறிப்புகள்

பெரியகுளம் வடகரையில் எங்கள் வீட்டுக் கொல்லை அப்படியொன்றும் பெரிதில்லை. ஒரு கல்லாமை மா, இரண்டு தென்னை, துணி காயப்போடும் கொடி, நாலைந்து பூச்செடி. வடக்கே நிமிர்ந்தால் கொடைக்கானல் மலை. இரவில் அதன் உச்சியில் விளக்குகள் தெரியும். மேற்குப் பக்கத்து மனை வெகுநாள் காலியாகக் கிடந்தது. ஐந்து வருடத்துக்கு முன் அங்கே ஒரு வெல்டிங் பட்டறை வந்தது. காலை எட்டரை மணிக்குக் கட்டிங் மெஷின் இரும்பில் பாய்ந்தால், காக்காய்கூட எங்கள் மாமரத்தை விட்டுப் பறந்துவிடும். துருப்பிடித்த கம்பிக் குவியல், கழற்றிப் போட்ட டிரெய்லர், பெயிண்ட் டப்பா என்று கண்ணுக்கும் குறைவில்லை.

நடுவில் எதை வைக்கலாம், எது வீண் செலவு என்று பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பக்கத்தில் காயலான் கடையோ, மர அறுவை மில்லோ, மாங்காய் மண்டியோ வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. பார்வையை மறைப்பது வேறு, சத்தத்தை மறைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் முதல் வருடம் நான் இருபது நெட்டிலிங்கக் கன்று வாங்கி நட்டேன். வளர்ந்தால் சத்தம் அடங்கும் என்று நம்பினேன். அடங்கவில்லை. இலைக்கு இலை இடைவெளி இருக்கிறது. சத்தம் அதில் தாராளமாகப் புகுந்து வரும். செடிகளை வைத்தே சத்தத்தில் காதுக்குத் தெரிகிற அளவு, அதாவது ஐந்தாறு டெசிபல், குறைக்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 100 அடி அகலத்துக்கு அடர்ந்த தோப்பு வேண்டும். நம் கொல்லையே 40 அடி. ஆகவே செடி கண்ணுக்கு, சுவர் காதுக்கு, பேச்சு இரண்டுக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

2. எதையும் வாங்குமுன் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். வீட்டில் ஒருவரை மூங்கில் கழியில் துண்டைக் கட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். கழி எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் நின்றால் கம்பிக் குவியல் துண்டுக்குப் பின்னால் போகிறதோ, அதுதான் உங்களுக்கு வேண்டிய மறைப்பு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உட்கார்ந்திருப்பவர் கண் தரையிலிருந்து சுமார் 4 அடி. பட்டறைக் கூரை 12 அடி உயரம், 40 அடி தூரம் என்று வையுங்கள். 30 அடி தள்ளியிருக்கும் காம்பவுண்டில் மறைக்க 10 அடி உயரம் தேவை. அதே மறைப்பை நாற்காலிக்கு 6 அடி முன்னால் வைத்தால் ஐந்தேகால் அடி போதும். எல்லையில் மரம் வளர ஐந்து வருடம் காத்திருப்பதைவிட, உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மருதாணி வரிசை வைப்பது மலிவு.

3. அதைவிட மலிவு, நாற்காலியைத் திருப்பிப் போடுவது. நான் நாலாயிரம் ரூபாய்க்குக் கன்று வாங்கிய பிறகுதான் இது தோன்றியது. மலையைப் பார்த்து உட்கார்ந்தால் பட்டறை முதுகுப் பக்கம் போய்விடுகிறது.

4. வேலி போடுமுன் சர்வே கல்லைத் தேடுங்கள். மண் மூடியிருந்தால் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்து, கட்டணம் கட்டி, நில அளவரை வைத்து அளந்துவிடுங்கள். புலப்படம் கையில் இருக்கட்டும். எல்லைக்கோட்டிலேயே செடி வைக்காமல் உங்கள் பக்கம் இரண்டடி உள்ளே தள்ளி வையுங்கள். நாளைக்குக் கவாத்து செய்ய அடுத்தவர் மனைக்குள் கால் வைக்க வேண்டியிருக்காது. ஒரு அடிக்காகப் பத்து வருடம் கோர்ட்டுக்கு நடந்தவர்கள் நம் தாலுகாவில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

5. என்ன செடி? இதுதான் எல்லோரும் கேட்பது, ஆகவே கொஞ்சம் விரிவாக.

முருங்கை வேண்டாம். நம் ஊர்ப் பெயரையே சுமந்துகொண்டு 1989இல் இங்கிருந்து வெளிவந்தது பி.கே.எம். 1 செடிமுருங்கை, அதன்மேல் எனக்கும் பெருமைதான். ஆனால் அதன் இலை பொடி இலை, வெயிலும் பார்வையும் ஒன்றாக ஊடுருவும். மழைக்காலத்தில் தண்டில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொண்டால், அது பக்கத்து மனைக்கும் நடந்துபோகும். பிறகு குறை சொல்வது அவர்கள் முறை.

கிளுவை நம் பக்கத்து வேலிக்குப் பழைய துணை. போத்து வெட்டி ஊன்றினால் போதும், தண்ணீர் கேட்காது. ஆனால் கோடையில் இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கும். நாம் கொல்லையில் காற்று வாங்க உட்காருவதே சித்திரை, வைகாசியில்தான். கிளைரிசிடியாவும் இதே கதை, பூக்கும் காலத்தில் மொட்டையாகிவிடும். இவற்றை ஆடு மாடு நுழையாமல் தடுக்கும் வெளிவேலிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மருதாணிதான் என் தேர்வு. ஓரடிக்கு ஒன்றாக இரண்டு வரிசை, ஒன்றுக்கு எதிரே ஒன்று வராமல் மாற்றி மாற்றி நடுங்கள். முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ள மனம் வராமல் விட்டால் மேலே குடை விரித்து அடியில் ஓட்டையாக நிற்கும். மறைக்க வேண்டியது அடியில்தானே கிடக்கிறது.

ஆடு வரும் தெருவென்றால் ஆடாதொடை, நொச்சி. இரண்டையும் ஆடு சீண்டாது, குச்சி ஊன்றினாலே பிடிக்கும். தூசி அதிகம், தண்ணீர் குறைவு என்றால் அரளி நிற்கும். நாற்கரச் சாலையின் நடுவில் அதைத்தான் வைக்கிறார்கள். ஆனால் வேர் முதல் பூ வரை விஷம். சின்னக் குழந்தை, கன்றுக்குட்டி இருக்கும் வீட்டில் வேண்டாம்.

உயரம் வேண்டுமென்றால் நெட்டிலிங்கம், 4 அடிக்கு ஒன்று. குறுகலாக மேலே போகும், ஆடிக் காற்றில் எளிதில் சாயாது. சவுக்கு சீக்கிரம் வளரும், ஆனால் வயதாக ஆக அடிக்கிளை காய்ந்து கீழே வெட்டவெளியாகிவிடும். மூங்கில் அழகு, சுவர், செப்டிக் டேங்க் இவற்றிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி வைக்க இடமிருந்தால் மட்டும் வையுங்கள்.

6. மறைப்பு என்றால் என்னவென்று பார்க்க வேறெங்கும் போக வேண்டாம். ஜெயமங்கலம், மேல்மங்கலம் பக்கம் ஒரு வெற்றிலைக் கொடிக்காலுக்குள் போய்ப் பாருங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போங்கள், அது அங்கே வழக்கம். நெருக்கமாக விதைத்த அகத்தி, அதைத் தழுவி ஏறும் வெற்றிலை. பத்தடியில் நிற்கும் ஆள் தெரியமாட்டார். அங்கே ரகசியம் மரத்தில் இல்லை, இரண்டு அடுக்கில் இருக்கிறது. நிற்பதற்கு ஒன்று, நிரப்புவதற்கு ஒன்று. வீட்டிலும் அப்படியே செய்யலாம்: உயரமான வரிசைக்கு முன்னால் குட்டையான வரிசை, அல்லது மரத்தின்மேல் கொடி. அகத்தியை மட்டும் நம்பி வேலி போடாதீர்கள். மெல்லிய மரம், காற்றுக்கு முறியும், மூன்று நான்கு வருடத்துக்கு மேல் உழைக்காது.

7. கன்று வளரும்வரை என்ன செய்வது? இரும்புக் குழாய் நட்டு, அதில் கம்பிவலை கட்டி, கொடி ஏற்றுங்கள். சங்குப்பூ, ரங்கூன் மல்லி, காகிதப்பூ எல்லாம் இந்த வெயிலுக்குப் பழகியவை. அவரையும் பீர்க்கும் இரண்டு மாதத்தில் மூடிவிடும்தான். ஆனால் பட்டறையில் கிரைண்டர் தூளும் ஸ்பிரே பெயிண்டும் பறக்குமென்றால் அந்தப் பக்கம் சாப்பிடும் எதையும் வைக்காதீர்கள். நான் பீர்க்கங்கொடி ஏற்றி, ஒரு நாள் கதவுக்கு அடித்த நீலப் பெயிண்ட் காயில் பொடிப்பொடியாக ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அன்றோடு அங்கே சங்குப்பூதான். கீரைப்பாத்தி கிழக்கே போய்விட்டது.

8. தென்னங்கீற்றுத் தட்டி, ஓலை, சாக்கு, பச்சை நிழல்வலை இவற்றை வெல்டிங் நடக்கும் பக்கம் கட்டவே கூடாது. கட்டிங் மெஷினிலிருந்து தெறிக்கும் பொறி பல அடி பறக்கும்; காய்ந்த கீற்றில் விழுந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிழல்வலை உருகி ஓட்டை ஓட்டையாகும். காய்ந்த சருகையும் அந்த ஓரத்தில் சேரவிடாமல் கூட்டிவிடுங்கள்.

9. வெல்டிங் வெளிச்சத்தை அலட்சியமாக விடாதீர்கள். அது கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் மட்டுமல்ல, புற ஊதாக் கதிரும் சேர்ந்தது. வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் கொட்டினதுபோல் உறுத்தி, நீர் வடியும். குழந்தைகளுக்கு அந்த நீல மின்னல் வேடிக்கை. ஆகவே வெல்டிங் செய்யும் மேடைக்கு நேரே ஒளி புகாத மறைப்பு கட்டாயம் வேண்டும், இலை போதாது. பட்டறைக்காரரே மேடையைச் சுற்றித் தகரம் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

10. இனி சத்தம். சத்தத்தைத் தடுக்கத் தேவையானவை மூன்று: கனம், உயரம், ஓட்டையின்மை. கட்டிங் மெஷினுக்கும் உங்கள் காதுக்கும் நடுவே ஒரு நேர்கோடு இழுங்கள். அந்தக் கோட்டைச் சுவர் வெட்டினாலே சுமார் 5 டெசிபல் குறையும். அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சுமார் ஒன்றரை டெசிபல். காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்றவே 10 டெசிபல் குறைய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்; சுவர் எழுப்பியதும் நிசப்தம் வந்துவிடாது. நாலரை அங்குலச் செங்கல் சுவரை ஒன்பது அங்குலமாக்குவதில் பெரிய லாபம் இல்லை, ஏனென்றால் சத்தம் சுவருக்குள் நுழைந்து வருவதில்லை, மேலே ஏறி வளைந்து வருகிறது. காசை அகலத்தில் போடாமல் உயரத்தில் போடுங்கள். உயர்த்துமுன் அஸ்திவாரம் தாங்குமா என்று கொத்தனாரிடமும், எவ்வளவு உயரம்வரை அனுமதி என்று நகராட்சியிலும் கேட்டுவிடுங்கள். சுவர், சத்தம் வரும் இடத்துக்கு ஒட்டியோ கேட்பவருக்கு ஒட்டியோ இருந்தால்தான் வேலை செய்யும். சரியாக நடுவில் நின்றால் பலன் மிகக் குறைவு.

11. தகரம் அடித்தால் செலவு குறையும், ஆனால் ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது அதுவே புதுச் சத்தமாகிவிடும். போல்ட் போடும் ஒவ்வொரு இடத்திலும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வாஷராக வையுங்கள். தகரத்தின் அடியில் தரைக்கும் அதற்கும் இடையே விடும் அரை அடிச் சந்து, செலவழித்ததில் பாதியை வீணாக்கிவிடும். ஒரு வரிசைச் செங்கல் வைத்து அடைத்து, மழைத்தண்ணீர் போக மட்டும் வழி விடுங்கள்.

12. முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வராது என்பார்கள். வரும். அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் மாற்றும், அவ்வளவுதான். கனமான திரைச்சீலையும் அப்படித்தான். அதற்குப் பதில் மேற்கு ஜன்னலின் கதவுச் சந்துகளில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். முப்பது நாற்பது ரூபாய் வேலை.

13. இத்தனையையும் செய்துவிட்டுத்தான் நான் பட்டறைக்காரத் தம்பியிடம் பேசப் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும்.

“என்னக்கா, சத்தம் ரொம்பவா கேக்குது?”

“கேக்குதுப்பா. அந்தக் கட்டிங் மெஷினை மட்டும் அந்தாண்ட மூலைக்குத் தள்ளி வெச்சுக்க முடியுமா?”

“அதுக்கென்னக்கா, கரண்டுக்கு ஒரு வயர் இழுத்தாப் போச்சு. முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

அன்று சாயந்தரமே மெஷின் நகர்ந்தது. என் நாற்காலியிலிருந்து 25 அடியில் இருந்தது 50 அடிக்குப் போயிற்று. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். சுவர் எழுப்பி நான் வாங்கியதைவிட அது அதிகம், செலவு ஒரு வயர். மெஷினுக்கு அடியில் பழைய டயர் ரப்பர் போடச் சொன்னேன். தரை அதிர்வதும் நின்றது.

கேட்கும்போது “சத்தம் போடாதே” என்று பொதுவாகக் கேட்காதீர்கள், அது அவர் பிழைப்பு. எந்த மெஷின், எந்த நேரம் என்று குறிப்பாகக் கேளுங்கள். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கட்டிங் வேண்டாம், பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வு நடக்கும் மார்ச்சில் காலை வேளை வேண்டாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்வார்கள். கடையில் கூட்டம் இருக்கும்போது போய்ச் சொல்லாதீர்கள். அவர் வாடிக்கையாளர் முன்னால் குறை சொன்னால் காரியம் கெட்டுவிடும்.

14. மிச்சமிருக்கும் சத்தத்தை வேறொரு சத்தத்தால் மூடலாம். தொட்டியில் மீன்தொட்டி மோட்டார் போன்ற சின்ன மோட்டாரைப் போட்டு, அதே தண்ணீரைச் சுழலவிட்டு, ஒரு கல்லின் மேல் விழவையுங்கள். இதைச் சுவரோரம் வைக்காமல் உங்கள் காதுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். தொட்டியில் கம்பூசியா மீன் விடுங்கள், இல்லாவிட்டால் கொசுப் பண்ணைதான். கட்டிங் மெஷினின் கீச்சை இது வெல்லாது. ரேடியோ, பேச்சு, சுத்தியல் தட்டல் இவற்றை அமுக்கும்.

15. நம் மறைப்பு அடுத்தவருக்குத் தொல்லையாகக் கூடாது. இங்கிலாந்தில் பக்கத்து வீட்டை மறைக்க என்று லேலண்ட் சைப்ரஸ் மரத்தை வரிசையாக நட்டார்கள். வருடத்துக்கு ஒரு மீட்டர் வளரும் ஜாதி. மறைப்பு வளர்ந்து, அண்டை வீட்டு வெளிச்சத்தையே தின்று, ஊரூராகச் சண்டையாகி, கடைசியில் 2 மீட்டருக்கு மேல் போகும் பசுமை வேலிகளுக்கென்றே 2003ஆம் வருடச் சட்டத்தில் ஒரு பகுதி எழுத வேண்டியதாயிற்று. நம் ஊரிலும் 1882ஆம் வருட ஈஸ்மென்ட் சட்டம் இருக்கிறது. ஒரு வீட்டு ஜன்னல் 20 வருடம் தடையில்லாமல் வெளிச்சமும் காற்றும் பெற்றுவந்திருந்தால் அது அவருக்கு உரிமையாகிவிடும்; அதற்கு நேரே நீங்கள் சுவர் எழுப்பினால் வழக்கு உங்கள் மேல் வரும்.

16. பேசியும் கேட்காதவர்களுக்குத்தான் சட்டம். 2000ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல். வணிகப் பகுதியில் 65, 55. உங்கள் தெரு எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கடைத்தெருவில் இருந்துகொண்டு 55க்கு வாதாட முடியாது. அளவு 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் மீறினால் புகார் கொடுக்க விதியே சொல்கிறது. போன் செயலி காட்டும் எண் சாட்சியாகாது. ஆனால் தேதி, மணி போட்டு நோட்டில் எழுதிவைத்தால் புகாருக்குக் கனம் வரும். தெருவுக்கே தொல்லை என்றால் கோட்ட நிர்வாகத்தில் மனுக் கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, இப்போது புதுச் சட்டத்தில் 152. பெரியகுளத்திலேயே சார் ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு மட்டும் தொல்லை என்றால் சிவில் கோர்ட்டில் தடை கேட்க வேண்டும். மாடியில் குடியிருப்பவர்கள் கீழே வரவிருந்த மாவு மில்லுக்குத் தடை வாங்கிய வழக்கு ஒன்று 1978இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நடந்திருக்கிறது. “ஏற்கெனவே சத்தமுள்ள இடம்தானே” என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

17. சிலவற்றை மறைக்கவே கூடாது. பக்கத்து மனையில் பழைய டயரிலும் டிரம்மிலும் மழைத்தண்ணீர் தேங்கினால் அதற்கு முன்னால் பூங்கொடி ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். டெங்கு கொசு கொடியைத் தாண்டி வரும். நகராட்சி சுகாதாரப் பிரிவுக்குச் சொல்லுங்கள். எண்ணெய் கலந்த தண்ணீர் உங்கள் கிணற்றுப் பக்கம் ஓடிவந்தாலும் இதேதான்.

18. நடுவதற்குப் புரட்டாசி கடைசி, ஐப்பசி முதல் வாரம் சரியான நேரம். வடகிழக்கு மழையைக் குடித்தே வேர் பிடித்துவிடும். மாசிக்குப் பிறகு நட்டால் தினம் குடம் சுமக்க வேண்டிவரும்; குடிதண்ணீரே முறை வைத்து வரும் மாதங்களில் அது நடக்காது. பாத்திரம் கழுவும் தண்ணீரைக் குழாய் வைத்து வேலியோரம் திருப்புங்கள். வாரம் ஒரு முறை இலைமேல் தண்ணீர் பீய்ச்சி இரும்புத் தூளைக் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் இலை பழுத்து உதிரும்.

19. வடக்குப் பக்கம் மட்டும் வேலியைத் தோள் உயரத்தோடு நிறுத்திவிட்டேன். நெட்டிலிங்கம் வைத்த ஜோரில் அங்கேயும் நாலு கன்று நட்டு, மலையையே மறைக்கப் பார்த்தேன். வீட்டுக்காரர் சொன்ன பிறகு பிடுங்கி மேற்கே மாற்றினோம். எதை மறைக்கக் கூடாது என்பதற்கும் அந்தக் கழியும் துண்டும் உதவும்.

20. மருதாணியை வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்யுங்கள்: மழை முடிந்த தையில் ஒன்று, ஆடிக் காற்றுக்கு முன் ஒன்று. மேல்பகுதி குறுகலாகவும் அடி அகலமாகவும் இருக்கும்படி வெட்டினால் அடியிலை வெயில் வாங்கித் தழைக்கும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் இரண்டு சாக்கு இலை விழுகிறது. ஒரு சாக்கு பட்டறைக்குப் போய்விடும். அந்தத் தம்பியின் அம்மா காயவைத்துப் பொடியாக்கித் தலைக்குப் போடுகிறார்.